காலாவதியான திரவ ஈஸ்ட்டை மீட்பது: ஏற்காட்டு பேக்கரிக்காரர் ஒருவருக்கு விரிவான பதில்

ஏற்காட்டில் சிறிய பேக்கரி நடத்தும் ஒருவர் கேட்டிருப்பது இது. இங்கிலாந்தில் வசிக்கும் அவருடைய அண்ணன் அங்கே வீட்டிலேயே பியர் காய்ச்சுபவர். சென்ற முறை ஊருக்கு வந்தபோது, ஆங்கில ஏல் பியருக்கான திரவ ஈஸ்ட் உறை ஒன்றைக் கொண்டுவந்து, "ரொட்டிக்குப் போட்டுப் பார்" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது பேக்கரிக் குளிர்பெட்டியின் மூலையில் மறந்துபோய்க் கிடந்ததில், அச்சிட்ட தேதி கடந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. நடுவில் மின்வெட்டுகளும் இருந்தன. இப்போது உறை உப்பியிருக்கிறது. ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்கிறதா, மீட்டெடுத்தால் ரொட்டிக்கு ஆகுமா, அண்ணன் அடுத்த முறை வரும்போது பியருக்கென்று திருப்பிக் கொடுக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

உயிர் இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. உறையில் ஆயிரத்தில் ஒரு செல் பிழைத்திருந்தாலும் அதிலிருந்து வளர்த்தெடுத்துவிடலாம். ஆகையால் என் கவலை வேறு. நீங்கள் பக்குவமாகச் சத்துநீர் வைத்துக் கொடுத்தால் அதில் ஏதோ ஒன்று வளரத்தான் போகிறது. அப்படி வளர்ந்து வருவது உங்கள் அண்ணன் கொடுத்த ஈஸ்ட்டுதானா என்பதை எப்படி உறுதி செய்வீர்கள்? பேக்கரிக்குள் இருந்துகொண்டு இதைச் செய்யப்போகிறவருக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட இரட்டிப்பு முக்கியம்.

வேலைக்குள் போகுமுன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை 1963-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் அண்ணன் அங்கே செய்வது சட்டத்துக்கு உட்பட்டது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் பிறந்தது 1937-இல். சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது, அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, நம் சேலம் மாவட்டத்தில்தான். ஆகவே இந்தப் பதில் ஈஸ்ட்டை மீட்டு ரொட்டிக்குக் கொண்டுபோவது வரைக்கும்தான் போகும். வளர்ப்பு நீரிலும் சிறிதளவு ஆல்கஹால் உண்டாகும் என்பதால், ஈஸ்ட் படிந்த பிறகு மேலே நிற்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். அதைக் குடித்தாலும் ருசி இருக்காது.

இனி உறையைப் பார்ப்போம். அது உப்பியிருப்பதை உயிர் இருப்பதற்கான அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏற்காட்டில் அந்த அடையாளத்தை நம்ப முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், கீழே மூடிய எந்த உறையும் மேலே வந்ததும் உப்பும். உங்கள் கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளும் இதே காரணத்தால்தான் புடைத்து நிற்கின்றன. உறையை ஐஸ் பெட்டியில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்கு எப்போதாவது வரும்போது கொண்டுவந்து பாருங்கள். உப்பல் வற்றிவிட்டால் அது வெறும் காற்றழுத்தத்தின் வேலை. வற்றாமல் விறைப்பாகவே இருந்தால் உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது. அதுகூட ஈஸ்ட் எப்போதோ ஒரு காலத்தில் தன் சேமிப்பைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விட்டது என்பதைத்தான் சொல்லும். இன்று உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஈஸ்ட் செல் தன் உடலுக்குள் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து போன்ற பொருளையும் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையையும் சேமித்து வைத்திருக்கிறது. குளிரில் உறங்கும் காலத்தில் அதைச் சிறிது சிறிதாகச் செலவழித்துத்தான் உயிர் வாழ்கிறது. சேமிப்பு தீர்ந்த செல் இறந்ததும் அதன் உள்ளிருக்கும் நொதிகளே அந்தச் செல்லைக் கரைத்துவிடுகின்றன. கரைந்த செல்லிலிருந்து அமினோ அமிலங்கள் கசிகின்றன. அவை பிழைத்திருக்கும் ஈஸ்ட்டுக்கும் உணவு, உறைக்குள் புகுந்திருக்கக்கூடிய பாக்டீரியாவுக்கும் உணவு. புதிய உறை ஒன்றில் பொதுவாகப் பத்தாயிரம் கோடி செல்கள் அளவில் இருக்கும். மாதத்துக்கு 20 சதவீதம் இறக்கும் என்பது பியர் காய்ச்சுபவர்கள் கணக்குக்காக வைத்துக்கொள்ளும் எளிய விதி. அந்த விதிப்படி ஒன்றரை ஆண்டில் மிஞ்சுவது 2 சதவீதத்துக்கும் கீழே. வகைக்கு வகை இது மாறும். மின்வெட்டில் குளிர்பெட்டி சூடாகியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். இருந்தாலும் 0.1 சதவீதம் பிழைத்திருந்தால்கூடப் பத்துக் கோடி செல்கள் இருக்கின்றன, அது தாராளம். உறை எப்போதாவது பனிக்கட்டி உறையும் மேல் தட்டில் இருந்திருந்தால் மட்டும் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிளிசரின் போன்ற பாதுகாப்பு இல்லாமல் உறையும்போது பனிப்படிகங்கள் செல்லைக் கிழித்துவிடும்.

உறையைத் திறக்குமுன் ஓர் இரவு குளிர்பெட்டியில் அசைக்காமல் நிறுத்தி வையுங்கள். குளிர்ந்தால் வாயு திரவத்தில் அடங்கும், வெட்டும்போது பீறிடாது. திறந்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். ரொட்டி மாவு வாசனை வந்தால் நல்லது. கறி வேகவைத்த நீர் போலவோ சோயா சாஸ் போலவோ வாசனை வந்தால் செல்கள் பெருமளவு கரைந்துவிட்டன என்று பொருள். அதனால் மட்டும் தூக்கி எறிய வேண்டாம். புளித்த காடி வாசனை அடித்தாலோ, மேற்பரப்பில் சுருக்கம் விழுந்த வெண்ணிற ஏடு படிந்திருந்தாலோ அது பாக்டீரியாவின் அல்லது காட்டு ஈஸ்ட்டின் கைவரிசை. அந்த நிலையில் நானாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். வகை மிக அரிதானதாக இருந்தால் ஒழிய, அழுக்கேறிய உறையைச் சுத்தம் செய்வதற்கு ஆகும் உழைப்பு புதிய உறையின் விலையைவிட அதிகம்.

நுண்ணோக்கி கிடைத்தால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சேலத்துக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார்கள். மெத்திலீன் புளூ சாயம் மீன்தொட்டிக் கடைகளிலும் கிடைக்கும், அதை 0.01 சதவீத அளவுக்கு நீர்த்து, ஈஸ்ட்டோடு சம அளவில் கலந்து சில நிமிடங்களில் பார்க்க வேண்டும். இறந்த செல் முழுவதும் நீலமாக நிற்கும். உயிருள்ள செல் சாயத்தை ஒடுக்கி நிறமற்றதாக ஆக்கிவிடுவதால் கண்ணாடி முத்துப்போலத் தெளிவாகத் தெரியும். இவ்வளவு பழைய ஈஸ்ட்டில் இந்தச் சோதனையின் சதவீதக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது, ஏனென்றால் உயிர் குறைந்த கலவையில் சாயம் உண்மையைவிடக் கூடுதலாகவே உயிர்ச் செல்களைக் காட்டும். எனக்கு அந்தச் சதவீதத்தைவிட, முட்டை வடிவ ஈஸ்ட் செல்களுக்கு நடுவே மெல்லிய குச்சிகள் நெளிகின்றனவா என்பதுதான் முக்கியம். குச்சிகள் தெரிந்தால் அவை பாக்டீரியா.

அடுத்து உணவு. ஈஸ்ட்டுக்கு இங்கே தர வேண்டியது மால்ட் சத்து. முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பொடி ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். சர்க்கரையோ வெல்லமோ கரைத்து ஊற்றினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். அவற்றில் நைட்ரஜன் சத்து போதாது. அதோடு எளிய சர்க்கரையிலேயே வளர்ந்த ஈஸ்ட், மால்ட்டில் உள்ள சர்க்கரையான மால்டோஸைக் கையாளும் பழக்கத்தை இழந்து மந்தமாகிவிடும். ரொட்டி மாவில் மைதாவின் மாவுச்சத்து உடைந்து உண்டாவதும் மால்டோஸ்தான் என்பதால் உங்களுக்கும் அது நட்டம். ஹார்லிக்ஸிலும் மால்ட் இருக்கிறதே என்றால், அதில் பால்பொடியும் சர்க்கரையும் கலந்திருக்கின்றன, வேண்டாம். சேலத்துக்காரர்கள் எதற்கும் ஜவ்வரிசியை நினைப்பவர்கள். மரவள்ளி மாவுச்சத்தை இந்த ஈஸ்ட்டால் நேரடியாகத் தின்ன முடியாது, ஆதலால் ஜவ்வரிசிக் கஞ்சியும் ஆகாது. லீபஜாரில் கேழ்வரகு வாங்கி முளைகட்டிக் காயவைத்து அரைத்து, 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டினால் ஓரளவு இனிப்பான சாறு கிடைக்கும்; ஆனால் கேழ்வரகின் மாவுச்சத்து நன்றாக இளக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டுமென்பதால் சாறு மெலிவாகவும் கலங்கலாகவும் வரும். முதல் முயற்சிக்குப் பொடியையே வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்துக்கு 100 மில்லி நீருக்கு 5 கிராம் பொடி போதும். பலவீனமான செல்லை அடர்த்தியான சர்க்கரை நீரில் போட்டால், சவ்வின் வழியே நீரை இழந்து, பிழைக்க வேண்டியதும் செத்துப்போகும். உங்கள் பேக்கரி ஈஸ்ட்டில் ஒரு சிட்டிகையைக் கொதிக்கவைத்துக் கொன்று இந்த நீரில் சேர்ப்பது நல்ல உரம். வைட்டமின்களும் நைட்ரஜனும் அதிலிருந்து கிடைக்கும். கொன்று என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதைக் கலந்த பிறகு குடுவையை வாயில் பஞ்சடைத்து, அலுமினியத் தாளால் மூடி, பிரஷர் குக்கரில் வைக்க வேண்டும். இங்கே மறுபடி ஏற்காட்டின் உயரம் குறுக்கே வருகிறது. உங்கள் ஊரில் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரின் எடை, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் குறிப்பிட்ட அளவு அழுத்தத்தைத்தான் கூட்டிக் கொடுக்கிறது. வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் சமவெளியில் 120 டிகிரியைத் தொடும் குக்கர் உங்கள் ஊரில் 117, 118 டிகிரியில் நின்றுவிடும். ஆய்வகப் புத்தகங்கள் சொல்லும் 15 நிமிடத்தை அதனால் 30 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் விசில் வந்த பின் தீயைக் குறைத்து, அங்கிருந்து கணக்கிட வேண்டும். குடுவையில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. குக்கர் தானாக ஆறும் வரை எடையைத் தூக்கிவிடாதீர்கள், தூக்கினால் உள்ளே சத்துநீர் பொங்கிப் பஞ்சு நனைந்துவிடும், நனைந்த பஞ்சு கிருமியைத் தடுக்காது.

இதையெல்லாம் பேக்கரிக்குள் செய்யாதீர்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்களானால் அது இதுவாக இருக்கட்டும். மாவு பிசையும் இடத்துக் காற்றில், மேசையில், உங்கள் சட்டையில், கைரேகைக்குள் எல்லாம் ரொட்டி ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. ஒன்றரை ஆண்டு பட்டினி கிடந்து தள்ளாடும் ஏல் ஈஸ்ட் எழுந்து முதல் மொட்டு விடுவதற்குள், தூசியில் வந்து விழுந்த ரொட்டி ஈஸ்ட் பத்துத் தலைமுறை பெருகிவிடும். இரண்டும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே இனம். நுண்ணோக்கியிலும் வித்தியாசம் தெரியாது. வீட்டில், கதவு சன்னல் மூடி, மின்விசிறியை நிறுத்தி, குளித்து வேறு உடை மாற்றிக்கொண்டு, காலையில் பேக்கரிக்குப் போகுமுன் செய்யுங்கள். மேசையைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, அது முழுவதும் உலர்ந்த பிறகே ஸ்பிரிட் விளக்கை ஏற்றுங்கள். உறையின் ஓரத்தையும் கத்தரிக்கோலையும் ஸ்பிரிட்டில் துடைத்து வெட்டி, விளக்கின் அருகிலேயே வைத்து, அடியில் படிந்திருக்கும் குழம்பில் பாதியை மட்டும் குடுவைக்குள் விடுங்கள். மீதிப் பாதி கொதிக்கவைத்த சிறு சீசாவில் குளிர்பெட்டிக்குப் போகட்டும். முதல் குடுவை கெட்டுப்போனால் அதுதான் கையிருப்பு. கூடவே, எதையும் சேர்க்காத சத்துநீர்க் குடுவை ஒன்றையும் அதே இடத்தில், அதே நேரம் திறந்து மூடிப் பக்கத்தில் வையுங்கள். நான்கு நாளில் அந்த வெறுங்குடுவை கலங்கினால், ஈஸ்ட் விட்ட குடுவையில் வளர்ந்ததையும் நம்ப முடியாது என்று அது உங்களுக்குச் சொல்லிவிடும்.

குடுவையை 22 முதல் 25 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டு மார்கழி இரவில் ஈஸ்ட் உறங்கிவிடும், ஆகவே வெதுவெதுப்பான நீர் நிறைந்த அண்டாவுக்குள் குடுவையை நிறுத்துவது எளிய வழி. சித்திரையில் சேலத்தில் செய்பவர்களுக்கு அதே அண்டாவில் குளிர்ந்த நீர் வேண்டும். கடந்துபோகும் போதெல்லாம் ஒரு சுழற்று சுழற்றுங்கள். செல் பெருகுவதற்கு அதன் சவ்வுக்கு ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும், அதைத் தயாரிக்க ஆக்சிஜன் வேண்டும். பட்டினி கிடந்த செல்லில் அந்தச் சவ்வுப் பொருள்தான் முதலில் தேய்ந்திருக்கும். புதிய ஈஸ்ட் சில மணி நேரத்தில் நுரைக்கும். உங்களுடையது இரண்டு நாள், மூன்று நாள் அசையாமல் கிடந்தாலும் பொறுத்திருங்கள். முதலில் தெரிவது நுரை அல்ல; சுழற்றும்போது அடியிலிருந்து ஊசிமுனை அளவில் எழும் குமிழ்கள். பிறகு நீர் பால்போலக் கலங்கும். நிற்கவிட்டால் பழுப்பு நிறத்தில் அடியில் கிடக்கும் இறந்த படிவின்மேல் வெண்ணெய் நிறத்தில் ஒரு புதிய படிவு விரியும். குடுவையைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்ததுபோல் எல்லை தெரியும். உங்களுக்கு வேண்டியது அந்த மேல்படிவு மட்டும். மேலே நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு, சிறிது புதிய சத்துநீர் விட்டு மெல்ல அலசினால் மேல்படிவு மட்டும் எழுந்து வரும், பழுப்பு அடியிலேயே தங்கும்.

அதை 8 சதவீத மால்ட் கரைத்த 500 மில்லிக்கும், அது அடங்கியதும் 10 சதவீதம் கரைத்த ஒரு லிட்டருக்கும் மாற்றுங்கள். ஒரே தாவலில் பெரிய பாத்திரத்துக்குப் போனால் ஈஸ்ட்டின் எண்ணிக்கை போதாமல், மற்ற கிருமிகளுக்கு இடம் விட்டுக்கொடுத்ததாக ஆகும். பத்து மடங்குக்கு மேல் தாவக் கூடாது என்பது பொதுவான விதி. மூப்படைந்த ஈஸ்ட்டுக்கு ஐந்து மடங்கே நல்லது.

வளர்ந்தது எது என்பதற்கு வருகிறேன். ஆங்கில ஏல் வகைகள் பலவற்றின் குணம், வேலை முடிந்ததும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு மளமளவென்று அடியில் விழுந்து, மேல்நீரைத் தெளிய விடுவது. ரொட்டி ஈஸ்ட் நாட்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். இரண்டாவது சோதனை மூக்கு. ரொட்டி ஈஸ்ட்டிலும் காட்டு ஈஸ்ட்டிலும் பெரும்பாலானவை பார்லி மால்ட்டில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை உடைத்துக் கிராம்பு வாசனையை உண்டாக்கும். ஆங்கில ஏல் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் கிடையாது. உங்கள் குடுவை கலங்கலாக நின்று, கிராம்பு மணமும் அடித்தால், நீங்கள் சிரமப்பட்டு வளர்த்தது உங்கள் பேக்கரியின் சொந்த ஈஸ்ட்டைத்தான்.

இதைவிட உறுதியான வழி, சீனாப்புல் என்று கடையில் விற்கும் அகரை 2 சதவீதம் சேர்த்து மால்ட் தட்டு செய்து, கம்பி வளையத்தால் ஈஸ்ட்டை அதன்மேல் இழுத்து, தனித்தனிக் குடியிருப்புகளாக வளர்ப்பது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டியது இதே தேவைக்காகத்தான்: பியர் கெட்டுப்போவதற்கு, நல்ல ஈஸ்ட்டோடு கலந்துவிட்ட காட்டு ஈஸ்ட்டே காரணம் என்று அவர் கண்டார். தட்டில் மூன்று நான்கு நாளில் வெண்ணெய் நிறப் புள்ளிகள் தோன்றும். அவற்றுள் சராசரியைவிட மிகச் சிறியவை இருந்தால் ஒதுக்குங்கள்; அவை சுவாசிக்கும் திறனை இழந்த பிறழ்வுகளாக இருக்கலாம். போரிஸ் எஃப்ருஸ்ஸி பிரான்சில் 1940களின் இறுதியில் ஆராய்ந்து, சிறியவை என்ற பொருளில் பெடீட் என்று பெயரிட்டவை இவைதான். பட்டினியில் மூத்த ஈஸ்ட்டில் இவை கூடுதலாகக் காணப்படும். நல்ல புள்ளிகளில் ஒன்றை மட்டும் எடுக்காமல் ஐந்தாறை எடுத்துச் சேர்த்து வளர்ப்பது பாதுகாப்பு, ஏனென்றால் சில ஆங்கில வகைகள் இரண்டு மூன்று ஈஸ்ட்களின் கூட்டுக் கலவையாகவே இருப்பவை.

ரொட்டிக்கு ஆகுமா என்றால், தாராளமாக ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலை ஈஸ்ட் கட்டி பரவும் வரை ஐரோப்பிய ரொட்டிக்காரர்கள் பியர் தொட்டியின் நுரையைத்தான் வாங்கிப் பயன்படுத்தினார்கள். பியருக்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு அந்த நுரையில் ஒட்டியிருக்கும். உங்கள் சத்துநீரில் ஹாப்ஸ் இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அரை கிலோ மைதாவுக்கு நீங்கள் போடும் 10 கிராம் ஈஸ்ட் கட்டியில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி செல்கள் உண்டு. ஒரு லிட்டர் வளர்ப்பில் படியும் கெட்டிக் குழம்பு முழுவதையும் சேர்த்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். அதில் 20 மில்லி போட்டால் மூன்றில் ஒரு பங்கே. அதனால் இரவில் பிசைந்து வைத்து, காலையில் சுடும் ரொட்டிக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் ஊறுவதால் வரும் பழ வாசனையும் தோலின் நிறமும் காத்திருந்ததற்குத் தகும். மாலைப் பன்னுக்கு வழக்கமான ஈஸ்ட் கட்டியே இருக்கட்டும்.

அண்ணனைப் பொறுத்தவரை, அந்த வகை அவர் ஊரில் இன்றும் விற்பனையில் இருக்குமானால் அவர் புதிதாக வாங்கிக்கொள்வதே சரி. இருபது லிட்டர் சாதாரண ஏலுக்குப் பதினைந்தாயிரம் கோடி செல்கள் தேவைப்படும். மூப்பும் கலப்பும் பற்றிய சந்தேகம் உள்ள ஈஸ்ட்டை நம்பி அவ்வளவு மால்ட்டை வீணாக்க எவரும் விரும்பமாட்டார். ரொட்டியில் சிறிது காட்டு ஈஸ்ட் கலந்தால் அடுப்பில் அதன் கதை முடிந்துவிடும், பியரில் அது மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்க்கும். விற்பனை நின்றுபோன வகை என்றால் மட்டும், தட்டிலிருந்து எடுத்த தூய வளர்ப்பை, அகரைச் சாய்வாக உறையவிட்ட குழாய்களில் வைத்துக் குளிர்பெட்டியில் சேமியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய குழாய்க்கு மாற்ற வேண்டும். மின்வெட்டு மிகுந்த இடத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. குக்கரில் கிருமிநீக்கிய காய்ச்சி வடித்த நீர் 2 மில்லியில், தட்டிலிருந்து ஒரு துளி ஈஸ்ட்டைக் கரைத்து, இறுக மூடி, இருட்டான அலமாரியில் வைத்தால், உணவே இல்லாத அந்த நீரில் ஈஸ்ட் பெருகாமல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும், குளிர்பெட்டிகூட வேண்டாம். மூன்று குழாய்களாகச் செய்து, ஒன்றைச் சேலத்தில் உறவினர் யார் வீட்டிலாவது கொடுத்து வையுங்கள். குழாயின்மேல் வகையின் பெயரையும் தேதியையும், மை கலையாமல் இருக்கப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள்.